பெட்ரோலுக்கு நிற்காத கார்

அத்தியாயம் 7

"நூறு சுத்து. பெட்ரோலுக்கு நின்னது ஒரு தடவகூட இல்ல."

கொளஞ்சியப்பன் சார் சுவரில் தொங்கிய போட்டோவை மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது மனிதர் யாருடைய போட்டோவும் அல்ல. ஒரு டி.வி. பெட்டியின் போட்டோ. டி.வி.க்குள் ஒரு கார், காருக்குக் கீழே இரண்டு எண்கள்: ஓட்டிய சுற்று 100, பெட்ரோலுக்கு நின்றது 0. மற்றவர்கள் காலமான பெரியவர்கள் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். ராஜாங்கம் தன்னுடைய வீடியோ கேம் கடையில் டி.வி. போட்டோவுக்குக் கதம்பம் சாத்தியிருந்தார்.

"இந்த வண்டிய ஓட்டினவன் கெடைச்சா சுபாஷ் வெளிய வந்துடுவான்" என்றார் சார்.

"கெடைக்கலன்னா?"

"நாளைக்குக் காலைல பத்தரைக்கு ஜாமீன் மனு. வியாழக்கிழமைக்குள்ள அவன் ரயில்வே வேலைல போய்ச் சேரணும். இல்லன்னா அந்த வேல வேற ஒருத்தனுக்கு. மிச்சத்த நீயே யோசிச்சுக்க."

யோசிப்பதற்காக நான் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அடுத்த நொடி தரையில் இருந்தேன். அந்த ஸ்டூலுக்கு நாலாவது கால் வெறும் ஒப்புக்கு வைத்தது போலிருக்கிறது.

"புதுசா வர்ற எல்லாருமே அதுல வுழுவாங்கம்மா" என்றார் ராஜாங்கம், ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி. "ஆணி அடிக்கணும், அடிக்கணும்னு பாக்கறேன்."

என் பெயர் செவ்வந்தி. கொளஞ்சியப்பன் துப்பறியும் நிலையத்தில் நான்தான் டைப்பிஸ்ட், மேனேஜர், காவலாளி, டீ வாங்கி வருபவள். நிலையம் என்பது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. சார் இருபத்திரண்டு வருடம் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பார். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு கொலைகாரர்களைப் பிடிக்கலாம் என்று நம்பி விருப்ப ஓய்வு வாங்கினார். இதுவரை நாங்கள் பிடித்ததில் பெரியது, காணாமல்போன ஒரு கறவை எருமை.

ஆனால் இந்த வழக்கு விளையாட்டு இல்லை. கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கண்ணகியின் முகத்தைப் பார்த்தால் எனக்கே கேலி வாய்க்குள் நின்றுவிடும். சுபாஷ் அவள் தம்பி. வயது இருபத்திரண்டு. குத்தகை நிலத்தில் பாடுபடும் குடும்பம். அவர்கள் குடும்பத்தில் அரசாங்க முத்திரை போட்ட வேலை உத்தரவு வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், புரட்டாசி பிறந்ததும் மறியல் வாரம் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு, தென்னாற்காடு மாவட்டமே ரோட்டில் உட்கார்ந்த வாரம். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை. ரோட்டுக்கு ரோடு மரங்கள் விழுந்து கிடந்தன. மூன்றாம் நாள் சனிக்கிழமை, கல்வராயன் மலை அடிவாரத்தில் புறம்போக்கு நிலத்தில் நின்ற எட்டுத் தேக்கு மரங்கள் காணாமல் போயின. பக்கத்து நிலத்துக்காரர் ஆதிமூலம் புகார் கொடுத்தார்: மறியல்காரப் பையன் வெட்டிவிட்டான், பெயர் சுபாஷ். அவரிடம் வேலை செய்யும் மாயவன் என்பவன் சாட்சி. சாயங்காலம் நாலு மணிக்கு, கையில் ரம்பத்தோடு சுபாஷைக் கண்ணால் கண்டதாக எழுதிக் கொடுத்திருந்தான்.

"நான் ரோட்டுல உக்காந்தேன் சார். அத்த மறைக்கல" என்றாள் கண்ணகி. "நம்ம புள்ளைங்களுக்கு வேல கேட்டு உக்காந்தோம். ஆனா மறியலுக்கு வெட்ன மரம் ரோட்டுல தானே கெடக்கும்? அந்த எட்டு மரமும் ரோட்டுப் பக்கமே வரலியே. நேரா இன்னா, அறுப்பு மில்லுக்கு நடந்து போயிடுச்சா?"

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் நிலையத்தில் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை, நாங்கள் உள்பட.

"அந்த மரம் புறம்போக்குன்னு மனு எழுதிப் போட்டவன் உன் தம்பிதானே?" என்றார் சார்.

"ஆமா. அதுக்குத்தான் ஆதிமூலம் அவன் பேர எழுதிக் குடுத்துட்டாரு."

"சனிக்கிழமை நாலு மணிக்கு அவன் எங்க இருந்தான்?"

கண்ணகி தரையைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இங்கதான். ஊரே ரோட்டுல உக்காந்து கீது, இவன் ஷட்டருக்குள்ள பூந்து டி.வி.ல காரு பாத்துகினு இருந்திருக்கான். அத்த வெளிய சொன்னா சேக்காளிங்க முகத்துல முழிக்க முடியாதுன்னு பத்து நாளு வாயே தொறக்கல."

ராஜாங்கம் பரிதாபமாகத் தலையாட்டினார். அவர் கடை ஒரு வருடம் முன்புவரை வாடகை சைக்கிள் கடை. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி ஒன்று, கலர் டி.வி. ஒன்று. சைக்கிள் வாடகை விட்ட பழக்கத்தில் இன்னும் அரைமணிக்கு ஒருதரம் அலாரம் வைத்துதான் ஆட்களை எழுப்பிவிடுகிறார். சில சமயம் வாய் தவறி, காற்று அடித்துக் கொடுக்கட்டுமா என்றும் கேட்பார்.

"அன்னிக்கு ஊர்ல எல்லாக் கடையும் அடைப்பு சார்" என்றார் ராஜாங்கம். "நான் ஷட்டர முட்டி ஒசரத்துக்கு எறக்கி வுட்டுட்டு, வெளிய உக்காந்து யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துகினு இருந்தேன். உள்ள ரெண்டு பேரு குனிஞ்சு போனாங்க. ஒருத்தன் தலைல துண்டு. முகத்த பாக்கல. இன்னொருத்தன் இன்னா மூஞ்சின்னும் நான் கவனிக்கல. பொய் சாட்சி சொல்லச் சொன்னா சொல்லிடுவேன், ஆனா வக்கீலு ரெண்டாவது கேள்வி கேட்டாருன்னா மாட்டிக்குவேன்."

"ஓட்டினது யாரு?"

"துண்டுக்காரன்தான். சுபாஷ் பின்னாடி உக்காந்து பாத்தானாம். இருட்டு. பிடரியும் கையும் காலும்தான் தெரிஞ்சுதுன்னு கண்ணகிகிட்ட சொல்லியிருக்கான். ஒண்ணரை மணிக்கு ஆரம்பிச்சு நாலரை மணிவரைக்கும். அலாரம் வைக்கல, ஊரே நின்னு கெடக்குது, எவன் வந்து கேக்கப் போறான்? ரெண்டு பேரும் போனப்புறம் உள்ள வந்து பாத்தா..." ராஜாங்கம் போட்டோவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நூறு சுத்து சார்! சுவிட்ச அணைச்சா அந்த எண்ணு மறுபடி வராது. பெட்டிக்கு ஞாபகசக்தியே கெடையாது. ஓடிப்போய் பக்கத்து ஸ்டுடியோக்காரர இழுத்தாந்து போட்டோ புடிச்சேன். மொத தடவ பிளாஷ் போட்டுட்டான், டி.வி. வெள்ள வேட்டி மாதிரி வந்துடுச்சு. ரெண்டாவது தடவ பிளாஷ் இல்லாம புடிச்சதுதான் இது."

"எதுக்கு இவ்ளோ பாடு?" என்றேன்.

ராஜாங்கம் கேம் வந்த அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். நூறு சுற்று முடிப்பவர் டி.வி.யைப் போட்டோ பிடித்துப் பெயரோடு அனுப்பினால், கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் அனுப்புவார்களாம். "மூணு வாரமா பேருக்காகக் காத்துகினு கீறேன். ஒருத்தனும் வரல."

சார் சட்டென்று திரும்பினார். செக்கிங்கில் இரண்டு மாதப் பழைய பாஸைப் பார்த்ததும் அவர் கண் இப்படித்தான் மின்னும்.

"செவ்வந்தி, இந்த ஊர்ல ஒருத்தன் பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சு வாங்கினாலே நோட்டீஸ் அடிக்கறான். இவன் நூறு சுத்து ஓட்டிட்டு ஏன் பேரு சொல்லல?"

"கூச்ச சுபாவமோ என்னவோ."

"கூச்சக்காரன் மூணு மணிநேரம் ஓட்ட மாட்டான். எனக்கு இந்த ஆட்டத்த ஒருதரம் காட்டுங்க."

ராஜாங்கம் பெட்டியைப் போட்டார். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு சாலை. நடுவில் புல். "இதுக்குப் பேரு ஸ்டாக் கார் ரேஸு" என்று விளக்கினார். "அமெரிக்காவுல வூட்டு வாசல்ல நிக்கற காரு மாதிரியே இருக்கும். ஆனா அத்த வச்சிகினு எங்கியும் போக மாட்டானுங்க. செக்குமாடாட்டம் ஒரே எடத்துல இடதுபக்கமாவே சுத்துவானுங்க. யாரு மொதல்ல சுத்தி முடிக்கறானோ அவன் ஜெயிச்சான்."

"பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்றதுக்குப் போட்டியா?" என்றேன். "நம்ம டவுன் பஸ் இதத்தானே தினமும் பண்ணுது?"

சார் கேம் பெட்டியோடு இருந்த கைப்பிடிக் குச்சியைப் பிடித்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கார் ஓடும். விரலை எடுத்தால் வேகம் குறையும். கீழே ஒரு மஞ்சள் கோடு, அதுதான் பெட்ரோல். சார் பொத்தானை விடாமல் அமுக்கினார். நாலு நிமிடத்தில் மூன்று கார்களை இடித்தார், ஒரு தடவை புல்லில் மேய்ந்தார். மஞ்சள் கோடு மளமளவென்று கரைந்தது.

"எல்லாரும் இப்படித்தான் அமுக்கிப் புடிப்பாங்க" என்றார் ராஜாங்கம். "முப்பது சுத்துல பெட்ரோல் காலி. ஓரமா நிறுத்தி ரொப்பணும். ரொப்பறதுக்குள்ள மத்த காருங்க போயிடும். நூறு சுத்துக்கு மூணு தடவையாச்சும் நிக்கணும். இந்த மகராசன் நிக்கவே இல்ல!"

"வேற ஏதாச்சும் வித்தியாசமா பாத்தீங்களா?"

"மேஜ நகந்துபோயிருந்துச்சு சார். ஒரு சாண் தள்ளி. அந்தாளு இடது காலால மேஜக் கால ஒதைச்சுகினே இருந்தான்னு சுபாஷ் சொன்னானாம். கோவக்காரன் போல."

சார் குச்சியைக் கீழே வைத்தார். அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னை எப்போதும் எங்காவது அலைய விடுவார்.

"கோவம் இல்ல ராஜாங்கம். கிளட்ச். செவ்வந்தி, கெளம்பு. வெள்ளிமலைக்குப் போறோம். கண்ணகி, நீ இங்கியே இரு. ராஜாங்கம், போர்டு எழுதற பெயிண்டர் ஒருத்தர் வேணும், மூணு மணிக்குத் தயாரா வச்சிருங்க."

மலைக்குப் போகும் ஜீப்புகள் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. ஆறு ஜீப். முதல் ஜீப்பில் புது ரெக்சின் சீட்டு. நான் அதில் காலை வைத்தேன். சார் என் பையைப் பிடித்து இழுத்தார். டீக்கடைக்காரரிடம் என்னவோ கிசுகிசுத்துவிட்டு, நாலாவதாக நின்ற, பஞ்சு பிதுங்கும் சீட்டு போட்ட ஜீப்பில் என்னை ஏற்றினார்.

"நீ கடுக்காய் மொத்த வியாபாரம் பண்ற மொதலாளியம்மா" என்று காதில் சொன்னார். "நான் உன் குமாஸ்தா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்த வேடம். உடனே ஏறி உட்கார்ந்து, "யோவ் குமாஸ்தா, தண்ணி எங்க?" என்றேன். சார் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. அதிகம் பேசவில்லை. ஆனால் வண்டி ஓட்டிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பினார். எதிரே இறங்கிவந்த மூங்கில் லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வாழைப்பழம் நுழையும் இடம்தான் இருந்திருக்கும். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் கொட்டாவி விட்டார்.

வெள்ளிமலையில் பெயருக்கு ஒரு படி கடுக்காய் வாங்கினோம். நான் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "சரக்கு சுமார்தான்" என்று முகத்தைச் சுளித்தேன். உண்மையில் முகம் தானாகவே சுளித்துக்கொண்டது. அரை மணி நேரத்துக்கு நாக்கு மரக்கட்டை போலக் கிடந்தது. சார் தன் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த அரை மணி நேரம் அது என்று பிறகு சொன்னார்.

வேலை இறக்கத்தில்தான் இருந்தது. முதல் வளைவு தாண்டியதும் திடீரென்று இன்ஜின் சத்தம் நின்றது. காற்றும் டயரும் மட்டும்.

"வண்டி நின்னு போச்சா?" என்று அலறினேன்.

"இல்லம்மா. உருண்டுகினு போவுது" என்றார் டிரைவர். வளைவில் ஒரு நொடி இன்ஜினைப் போட்டார், இடது கால் கிளட்சை மிதித்தது, மறுபடி அணைத்தார். அடுத்த வளைவிலும் அப்படியே. எங்கே விட வேண்டும், எங்கே தொட வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரிந்திருந்தது.

சார் பணிவான குமாஸ்தா குரலில் கேட்டார். "இன்னாத்துக்குண்ணே அணைக்கறீங்க?"

"மொதலாளி அளந்துதான் டீசல் குடுப்பாரு. மிச்சம் புடிச்சா டிரைவருக்கு. மல டிரைவருங்க எல்லாம் இப்படித்தான்."

"எல்லாரும் இவ்ளோ சுத்தமா செய்வாங்களா?"

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "செய்ய மாட்டாங்க" என்றார். "நான் ஏறி எறங்கற டீசல்ல மத்தவன் ஏறத்தான் முடியும். பதினெட்டு வருசம். ஆனா இத்தப் பாத்து எவன் கைதட்டப் போறான்?"

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவரைப் போன்ற எத்தனையோ டிரைவர்கள் மேல், இறக்கத்தில் இன்ஜினை அணைத்ததற்காக ரிப்போர்ட் எழுதிய மனிதர் அவர். இன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது மரியாதை. எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பொத்தானை அமுக்கிப் பிடிக்காமல், வளைவுக்கு முன்னால் விட்டுவிட்டு உருளவிட்டால் பெட்ரோல் நூறு சுற்றுக்கும் வரும். அது கேம் தெரிந்தவன் வேலை இல்லை. மலை இறங்கத் தெரிந்தவன் வேலை. மறியல் வாரத்தில் மலைக்குப் போக வழியில்லாமல் ஜீப் டிரைவர்கள்தான் கள்ளக்குறிச்சியில் சும்மா கிடந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டோம்!" என்று சாரின் காதில் கிசுகிசுத்தேன். "இவர கூட்டிகினு போய், 'பின்னாடி சுபாஷ் இருந்தான்'னு சொல்ல வச்சா முடிஞ்சுது."

"நீ நெனைக்கற மாதிரி அது சுளுவா இருந்தா நாலாவது ஜீப்புல ஏன் ஏத்தறேன்?" என்று சாரும் கிசுகிசுத்தார். அதற்குமேல் சொல்லவில்லை. அவரும் கடுக்காயைக் கடித்துவிட்டாரோ என்று தோன்றியது.

மூன்று மணிக்கு ஜீப் ராஜாங்கம் கடை முன்னால் நின்றது. சார் சொன்னதால்தான் நின்றது. டிரைவர் இறங்க மனமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்ணே" என்று சார் தோளைத் தட்டி உள்ளே கூட்டிப்போனார். கண்ணகி உள்ளே, தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

ராஜாங்கம் "உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். டிரைவர் அதைக் காலால் நகர்த்திவிட்டு, மூலையிலிருந்த மடக்கு நாற்காலியைப் பார்க்காமலேயே கைநீட்டி எடுத்து உட்கார்ந்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் ஸ்டூல் அது. என் இடுப்பு சாட்சி.

போட்டோவுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை. அதன் முன்னால் பெயிண்டர் சின்னராசு தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தார்.

"பேரு தெரிஞ்சுபோச்சு ராஜாங்கம்" என்றார் சார். "நூறு சுத்து ஓட்டினது சுபாஷ். எழுதச் சொல்லுங்க. பேட்ஜுக்கும் அதே பேர அனுப்பிடுங்க."

ராஜாங்கத்தின் வாய் திறந்தது. நான் அவர் காலை மிதித்தேன். வாய் மூடியது.

சின்னராசு 'சு' போட்டார். அழகான 'சு'.

"சின்னப் பையன்" என்றார் சார், டீயை ஊதிக்கொண்டே. "லைசென்ஸ்கூட கெடையாது. சைக்கிள்ல கியர் எதுன்னு கேப்பான். அவன் ஓட்டிட்டான் பாருங்க."

"குருட்டு அதிர்ஷ்டம் சார்" என்றேன் நான்.

"ஆமா ஆமா. இதுல இன்னா வித்த கீது? சேப்புப் பொத்தான அமுக்கிப் புடிச்சா எருமமாடுகூட நூறு சுத்து போவும்" என்றார் சார்.

டிரைவரின் டம்ளர் மேஜைமேல் டக்கென்று உட்கார்ந்தது.

சின்னராசு 'பா' முடித்து, 'ஷ்' போடத் தூரிகையை மறுபடி நனைத்தார்.

"அமுக்கிப் புடிச்சா முப்பதாவது சுத்துல படுத்துக்கும்!" டிரைவர் எழுந்து நின்றிருந்தார். "வளைவு வர்றதுக்கு முன்ன வுடணும். வுட்டா அது தானா உருளும். மறுபடி எப்ப தொடணும்னு கைக்குத் தெரியணும். கடைசி பத்து சுத்து கோடே இல்ல, வெறும் சேப்புப் புள்ளிதான் கீது, அதுல ஓட்டினேன்யா! எருமமாடு ஓட்டுமா? எருமமாடு?"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து கண்ணகி வந்தாள். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாயவன் அண்ணே! நீயா?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு மலையடிவாரத்தில் சுபாஷைக் கண்ணால் கண்ட சாட்சி. ஆதிமூலத்தின் ஆள். ஆதிமூலத்தின் ஜீப். அந்த நாலு மணிக்கு இந்த ஆள் கண்ணால் கண்டது முட்டை வடிவச் சாலையை மட்டும்தான்.

"சாதனை பண்ணவன் பேரு சொல்லலன்னா, இங்க இருந்தது தெரிஞ்சா அவனுக்கு நஷ்டம்னு அர்த்தம்" என்றார் சார் அமைதியாக. "மலை டிரைவருங்கள்ல அந்த நாலு மணிக்கு வேற எடத்துல இருந்தேன்னு எழுதிக் குடுத்தவன் ஒருத்தன்தான். அவன் ஜீப் எதுன்னுதான் டீக்கடையில கேட்டேன். சரி, நாம இப்ப கேமுக்கு வருவோம். நீதான் ஓட்டினேன்னு சொல்ற. நான் நம்பறேன். ஆனா பலகைல எழுதணும்னா சாட்சி வேணும். ராஜாங்கம் உன் முகத்தப் பாக்கல. வேற யாரு பாத்தா?"

"பின்னாடி ஒரு..." மாயவன் ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"பின்னாடி?"

கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தது வேர்வை மட்டும் இல்லை.

"ஒரு தம்பி உக்காந்திருந்தான்" என்றார் கடைசியில். "நான் திரும்பிப் பாக்கல. கண்ண எடுத்தா காரு போயிடும். அவன்தான் சுத்த எண்ணிகினு இருந்தான். எழுபது அண்ணே, எழுபத்தொண்ணு அண்ணேன்னு. கோடு சேப்புக்கு வந்தப்ப நான் போதும்னு வெக்கப் பாத்தேன். 'வுடாதண்ணே, இன்னும் கொஞ்சம்தான்'னான். நூறு வந்ததும் கைதட்டினான். ஒருத்தன் மட்டும். எனக்கு அது..."

"அவன் யாருன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"போலீசு அவன அழைச்சிகினு போன அன்னிக்கு. என்னப் பாத்து, 'அண்ணே, நான் அங்க இல்லண்ணே'ன்னான். அந்த 'அண்ணே'. அதுக்கு முன்னயே மொதலாளி சொன்ன மாதிரி எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் மறுபடி துண்டால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் ராஜாங்கத்தை முறைத்தேன். பாவம் அவர்.

கண்ணகிக்கு அந்தக் குழப்பம் இல்லை. "என் தம்பி உனக்கு சுத்து எண்ணினான். நீ அவன உள்ள போட்டு கம்பி எண்ண வச்சிட்ட" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஒனக்குக் கைதட்டினவன்ண்ணே அவன்."

"என் வூடு மொதலாளி எடத்துல கீதும்மா" என்றார் மாயவன். "ஜீப்பும் அவருது. அவர எதுத்துப் பேசினா என் பொண்டாட்டி புள்ள எங்க போய் நிக்கும்?"

"அது நெசம்தான்" என்றார் சார். "உன்ன கட்டாயப்படுத்த என்கிட்ட எதுவும் இல்ல மாயவா. நீ இப்பவே வெளிய போயிடலாம். சின்னராசு 'சுபாஷ்'னு எழுதி முடிச்சிருவாரு, பேட்ஜ் அவன் பேருக்கு வரும். அவன் ஜெயில்ல இருந்து வாங்கிப்பான். நீ பொய் சாட்சியாவே இருந்துக்கலாம், யாரும் உன்ன ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா நீ இத ஓட்டினேன்னு ஒலகத்துல சொல்லக்கூடிய ஒரே ஆளு அவன். அவன் அங்க இல்லன்னு சொல்லக்கூடிய ஒரே ஆளு நீ. அவ்ளோதான் விஷயம்."

மாயவன் போட்டோவைப் பார்த்தார். அங்கே இருந்த இரண்டு எண்களையும் நிதானமாக, யாரோ உறவுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பெயிண்டரே, அத்த அழிங்க."

சின்னராசு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பலகை வெள்ளையாயிற்று.

"எழுதுங்க. நூறு சுத்து, மாயவன், டிரைவர். அதுக்குக் கீழ எழுதுங்க. சுத்து எண்ணினது சுபாஷ். மறியல் மூணாம் நாளு, சனிக்கிழம. ஒண்ணரைல இருந்து நாலரை வரைக்கும்."

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வக்கீலுக்கு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். "சார், பெயிண்டுல எழுதின வாக்குமூலத்த நான் இப்பதான் பாக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

சின்னராசு பலகையைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ எழுத்துக்கு எடம் பத்தாதுங்களே. ரெண்டு பேரும் பெரிசா வராது."

"என் பேரச் சின்னதா எழுது" என்றார் மாயவன்.

பிறகு கண்ணகியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக் கேட்டார்.

"நாளைக்குக் கோர்ட்டு எத்தன மணிக்கும்மா?"

"பத்தரை."

"ஆறுக்கே கெளம்பிடறேன்" என்றார். "ஊர்ல இருந்து நடந்துதான் வரணும்."